படிகங்களை ஆராய்ந்த கே.எஸ். கிருஷ்ணன்

தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் உள்ளது வத்திராயிருப்பு. அவ்வூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் பிறந்தார். அவருடைய தந்தையார் வேளாண்மை செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். மதுரையிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பை முடித்த கிருஷ்ணன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணிபுரிந்தார். மதிய உணவு வேளையில் அவர் நடத்திய அறிவியல் கலந்துரையாடலுக்குப் பிற கல்லூரி மாணவர்களும் தேடி வந்தனர்.

1920இல் மேற்படிப்புக்காகக் கல்கத்தா சென்ற அவர், 1923இல் சி.வி. இராமனின் ஆய்வுக்குழுவில் இணைந்தார். 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் சூரிய ஒளியைக் குவித்து, நிற வடிகட்டி வழியாகத் தூய்மையான திரவங்களுக்குள் செலுத்திச் சோதித்தனர். சிதறி வெளிவந்த ஒளியில், உள்ளே செலுத்தப்படாத வேறு நிறமும் கலந்திருந்தது. ஏறக்குறைய 60 திரவங்களைச் சோதித்தபின், இருவர் பெயரும் தாங்கிய கடிதம் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஆயினும், 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அக்கண்டுபிடிப்பும் ‘இராமன் விளைவு’ என்றே உலகெங்கும் அறியப்படுகிறது.

பரிசு அறிவிக்கப்பட்ட வேளையில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தார். இன்றைய வங்காளதேசத்தின் தலைநகரான அந்நகருக்கு 1928ஆம் ஆண்டின் இறுதியிலேயே சென்று, படிகங்களின் காந்தப் பண்பு என்னும் வேறொரு துறையில் அவர் ஆழ்ந்திருந்தார். அவருக்கே உரிய பெருமையைத் தேடித் தந்தது இந்த ஆய்வுதான்.

அவர் கையாண்ட முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. சிறிய படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் வைப்பார். பிறகு இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவார். காந்தத்தின் பிடியில் இருக்கும் படிகம் தொடக்கத்தில் கொஞ்சமே திரும்பும். முறுக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணத்தைக் கொண்டு, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று அவர் கணக்கிட்டார். நாம் துணிகளுக்கிடையே வைக்கும் அந்துருண்டையில் உள்ள நாப்தலீனும் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. அதன் மூலக்கூறுகள் தட்டையானவை. கண்ணுக்குத் தெரியாத அம்மூலக்கூறுகள் படிகத்தினுள் எப்பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை இந்த அளவீடுகள் காட்டிக்கொடுத்தன.

1933இல் மீண்டும் கல்கத்தாவுக்கும் 1942இல் அலகாபாத்துக்கும் பேராசிரியராகச் சென்றார். இதற்கிடையே 1940இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், புதுடெல்லியில் உருவாகிவந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நிருவாகப் பொறுப்பு ஏற்றவர்கள் பலர் ஆய்வைக் கைவிட்டுவிடுவது உண்டு. கிருஷ்ணனோ, மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய கம்பியில் வெப்பநிலை இடத்துக்கு இடம் எவ்வாறு மாறுகிறது என்று அங்கும் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1958இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவரும் அவரே. தமிழ் இலக்கியத்தில் தந்தையாரைப் போலவே ஈடுபாடு கொண்டிருந்த அவர், அறிவியலைத் தமிழிலும் எழுதினார். 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் 62ஆம் வயதில் காலமானார்.