சட்டப்படி செய்தார்; பழி சுமந்தார்!
வினு மன்கட் வாழ்க்கைக் கதை

தர்மபுரி மாவட்டத்தில் அறுவடை முடிந்த நிலங்களிலும், தண்ணீர் வற்றிய ஏரிகளிலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பென்னாகரம் பக்கம் போனாலும் சரி, அரூர் பக்கம் போனாலும் சரி, இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

மூன்று குச்சிகள். ஒரு மட்டை. ஒரு டென்னிஸ் பந்து. இவ்வளவுதான் சாமான்கள். அம்பயர் யார் தெரியுமா? மட்டை அடிக்கும் கட்சியில், அவுட் ஆகி உட்கார்ந்திருக்கும் பையன்தான் அம்பயர்!

ஆகவே சண்டைக்குப் பஞ்சமே இல்லை. அந்தச் சண்டைகளில் ஒன்று மிகவும் பழையது.

பந்து போடுகிற பையன் ஓடி வருகிறான். எதிர்முனையில் நிற்கும் ஆட்டக்காரன், பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்குகிறான். பந்து போட வந்தவன் சட்டென்று நின்று, பக்கத்தில் உள்ள குச்சியைத் தட்டி விடுகிறான்.

உடனே கூச்சல் கிளம்பும். அவுட் என்று பாதிப் பேர் சொல்வார்கள். ஏமாற்று வேலை என்று மீதிப் பேர் சொல்வார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மன்கட்’.

மன்கட் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். நம் நாட்டின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு வழி வகுத்தவர். அந்த வெற்றி கிடைத்த இடம் நம் சென்னை!

அவருடைய கதை இது.

ஜாம்நகர் சிறுவன்

குஜராத்தில் உள்ள ஜாம்நகரில் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 12ந் தேதி மன்கட் பிறந்தார். முழுப் பெயர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். பள்ளிக்கூடத்துத் தோழர்கள் வினு என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்து விட்டது.

ஜாம்நகர் அப்பொழுது ஒரு சமஸ்தானத்தின் தலைநகரம். புகழ் பெற்ற ஆட்டக்காரரான ரஞ்சித் சிங் ஆண்ட ஊர் அது. அங்கே கிரிக்கெட்டுக்குப் பெரிய மதிப்பு இருந்தது.

இளம் வயதில் மன்கட் இடது கையால் வேகமாகப் பந்து போட்டு வந்தார். பெர்ட் வென்ஸ்லி என்ற இங்கிலாந்துக்காரர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். வேகத்தை விட்டு விட்டு, பந்தைச் சுழற்றிப் போடும்படி அவர் யோசனை சொன்னார். மன்கட் அப்படியே செய்தார். அந்த ஒரு மாற்றம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. மட்டை அடிப்பதில் மட்டும் அவர் வலது கைக்காரர்.

1937ஆம் ஆண்டு கடைசியில், டென்னிசன் பிரபு தலைமையில் ஓர் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. 20 வயது மன்கட் அந்த அணியைத் திணற அடித்தார். ஆனால் அடுத்து உலகப்போர் மூண்டது. வெளிநாட்டு ஆட்டங்கள் நின்று போயின. அவருடைய முதல் டெஸ்ட் ஆட்டம் 1946ஆம் ஆண்டு லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில்தான் நடந்தது. அப்பொழுது அவருக்கு வயது 29.

அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் ஆயிரம் ரன்களுக்கு மேல் அடித்தார். நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார்.

சிட்னியில் நடந்தது

1947ஆம் ஆண்டு. நாடு விடுதலை அடைந்த சில மாதங்களில் இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. சுதந்திர இந்தியாவின் பெயரில் ஆடப்போகும் முதல் டெஸ்ட் ஆட்டங்கள் அவை.

ஆஸ்திரேலிய அணியில் பில் பிரவுன் என்பவர் தொடக்க ஆட்டக்காரர். நல்ல மனிதர். ஆனால் எதிர்முனையில் நிற்கும்பொழுது, பந்து போடும் முன்பே முன்னே நகர்ந்து விடுவார்.

அது ஏன் தவறு? ஒரு ரன் எடுக்க இந்தக் கோட்டில் இருந்து எதிர்முனைக் கோடு வரை ஓட வேண்டும். முன்கூட்டியே நாலு அடி நகர்ந்து விட்டால், நாலு அடி குறைவாக ஓடினால் போதும். ஒரு ஜாண் வித்தியாசத்தில் ரன் அவுட் ஆகும் ஆட்டத்தில், நாலு அடி என்பது பெரிய லாபம். ஆகவேதான் அப்படி நகர்பவரை, பந்து போடுகிறவர் ரன் அவுட் செய்யலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது.

நவம்பர் மாதம் சிட்னியில் ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. பிரவுன் முன்னே நகர்ந்தார். மன்கட் அவரை எச்சரித்து விட்டார். பிரவுன் மறுபடியும் நகர்ந்தார். மன்கட் ஸ்டம்பைத் தட்டினார். அவுட்!

டிசம்பர் 13ந் தேதி, அதே சிட்னியில் டெஸ்ட் ஆட்டம். பிரவுன் 18 ரன் எடுத்திருந்தார். பழக்கம் விடவில்லை. மீண்டும் முன்னே நகர்ந்தார். இந்தத் தடவை மன்கட் எச்சரிக்கவில்லை. ஸ்டம்பைத் தட்டினார். அம்பயர் விரலை உயர்த்தினார்.

அம்பயர் சொன்ன தீர்ப்பு சரியானது. சட்டம் தெளிவாக இருந்தது. ஆனால் மைதானத்துக்கு வெளியே வேறு ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. இது விளையாட்டு வீரனுக்கு அழகு அல்ல என்று ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் சில எழுதின. அந்த முறைக்கே மன்கட்டின் பெயரைச் சூட்டி விட்டார்கள்.

ஆஸ்திரேலிய அணியின் தலைவர் டான் பிராட்மன். அவரே பின்னாளில் தம்முடைய நூலில் மன்கட் பக்கம் பேசினார். சட்டத்தில் உள்ளதைச் செய்தவரைக் குறை சொல்வானேன் என்பது அவர் கட்சி. பிரவுனும் மன்கட்டின் மீது பகை கொள்ளவில்லை.

அவுட் ஆனவருக்கும் கோபம் இல்லை; அவருடைய தலைவருக்கும் கோபம் இல்லை. ஆனால் பழி மட்டும் நின்று விட்டது!

அந்தத் தொடரில் மெல்போர்ன் மைதானத்தில் மன்கட் இரண்டு சதம் அடித்தார். அதை மறந்தவர்கள்கூட, பிரவுனை அவுட் செய்ததை மறக்கவில்லை.

ஒரு பந்து போச்சு, வெற்றியும் போச்சு

சிட்னியில் அம்பயர் செய்தது சரி. ஆனாலும் பழி வந்தது. பம்பாயில் ஒரு தவறே நடந்தது.

1949ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அன்றைய பம்பாயில் வெஸ்ட் இண்டீஸ் அணியுடன் ஐந்தாவது டெஸ்ட். இந்தியா வெற்றி பெற 361 ரன் வேண்டும். விஜய் ஹசாரே 122 ரன் அடித்தார். மோடி 86 ரன் அடித்தார். மன்கட்டும் அந்த ஆட்டத்தில் ஆடினார். 14 ரன் எடுத்தார்.

கடைசி நிமிடங்கள். ஸ்கோர் 8 விக்கெட்டுக்கு 355. இன்னும் 6 ரன் தேவை. பட்கர் நன்றாக ஆடிக்கொண்டு இருந்தார். ஒரே ஒரு சிக்சர் போதும்.

ஓவரில் ஒரு பந்து பாக்கி இருந்தது. நேரமும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. பரபரப்பில் அம்பயர் கணக்கைத் தவற விட்டார். ஆட்டம் முடிந்தது என்று ஸ்டம்பின் மேல் உள்ள பெயில்சை எடுத்து விட்டார்!

அவ்வளவுதான். ஆட்டம் டிரா. அதுவரை இந்தியா ஒரு டெஸ்டில்கூட வென்றது இல்லை. முதல் வெற்றி கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை.

கெட்ட எண்ணத்தில் நடந்த தவறு அல்ல அது. மனிதக் கண்ணும், மனித மூளையும் பரபரப்பில் செய்யும் பிழை. ஆனால் அதைத் திருத்த அன்று வழி இல்லை.

சென்னையில் விடிந்தது

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 6ந் தேதி சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் தொடங்கியது.

மன்கட் பந்து போட்டார். சென்னை மண்ணில் பந்து திரும்பியது. முதல் இன்னிங்சில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 266 ரன்னில் சுருண்டது. ஆட்டம் தொடங்கிய நாளில்தான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்தது. மறுநாள் ஆட்டம் இல்லை.

பிறகு பங்கஜ் ராயும், பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள். இந்தியா 457 ரன் குவித்தது. இரண்டாவது இன்னிங்சில் மன்கட்டுக்கு மேலும் 4 விக்கெட். மொத்தம் 12 விக்கெட்! ஒரு இன்னிங்சும் 8 ரன்னும் வித்தியாசத்தில் இந்தியா வென்றது.

1932ஆம் ஆண்டு முதல் டெஸ்ட் ஆடிய இந்தியாவுக்கு, இருபது ஆண்டு காத்திருந்த பிறகு கிடைத்த முதல் வெற்றி அது.

அந்த ஆட்டத்தில் விக்கெட் கீப்பர் சென், மன்கட் பந்தில் ஐந்து பேரை ‘ஸ்டம்பிங்’ செய்தார். கால் கோட்டுக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்று அம்பயர்கள் வெறும் கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்கள். காமிரா கிடையாது.

ஒற்றை ஆளாக

அதே 1952ஆம் ஆண்டு கோடையில் மன்கட் இங்கிலாந்தில் ஒரு உள்ளூர் சங்கத்துக்குச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டு இருந்தார். இந்திய அணியில் நிச்சயம் இடம் உண்டு என்று வாரியம் உறுதி தர மறுத்ததால், வயிற்றுப் பிழைப்புக்கு அந்த வேலையை ஒப்புக்கொண்டார். முதல் டெஸ்டில் இந்தியா தோற்றது. உடனே அந்தச் சங்கத்தைக் கேட்டு அவரை வரவழைத்தார்கள்.

லார்ட்ஸ் மைதானத்தில் முதல் இன்னிங்சில் 72 ரன் அடித்தார். பிறகு 73 ஓவர் பந்து போட்டு 5 விக்கெட் எடுத்தார். களைப்பு ஆறும் முன்பே மட்டையைத் தூக்கிக்கொண்டு போய் 184 ரன் அடித்தார். இந்தியா தோற்றது. ஆனாலும் அந்த ஆட்டத்தை இன்றும் மன்கட் டெஸ்ட் என்றே சொல்கிறார்கள்.

1956ஆம் ஆண்டு ஜனவரியில் மறுபடியும் சென்னை. நேரு ஸ்டேடியத்தில் நியூசிலாந்துடன் ஆட்டம். மன்கட் 231 ரன். பங்கஜ் ராய் 173 ரன். முதல் விக்கெட்டுக்கு இருவரும் சேர்ந்து 413 ரன்! உலக சாதனையாக அது 52 ஆண்டுகள் நின்றது. 2008ஆம் ஆண்டுதான் முறிந்தது.

மொத்தம் 44 டெஸ்ட். 2,109 ரன். 162 விக்கெட். முதல் ஆளாக இறங்கி ஆடியது முதல் கடைசி ஆளாக ஆடியது வரை, எல்லா இடத்திலும் மட்டை பிடித்தவர். 1973ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ந் தேதி பம்பாயில் காலமானார். வயது 61.

காமிரா வந்தது

அவர் மறைந்த பிறகு ஆட்டத்தில் பெரிய மாறுதல் வந்தது. 1992ஆம் ஆண்டு நவம்பரில் தென் ஆப்பிரிக்காவில் உள்ள டர்பன் நகரில், டெலிவிஷன் படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் முறை டெஸ்டில் வந்தது. அந்த முறையில் முதலில் ரன் அவுட் ஆனவர் நம் சச்சின் டெண்டுல்கர்.

2008ஆம் ஆண்டு இலங்கையில் இன்னொரு படி ஏறினார்கள். அம்பயர் தீர்ப்பு தவறு என்று தோன்றினால், ஆட்டக்காரரே மறுபரிசீலனை கேட்கலாம். பந்து எங்கே போயிருக்கும் என்று இயந்திரம் ஊகித்துச் சொல்வதை நம்பலாமா என்று இந்திய வாரியம் பல ஆண்டுகள் தயங்கியது. 2016ஆம் ஆண்டுதான் இறங்கி வந்தது.

அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டம் உண்டு. அங்கும் இதே வழக்குதான். 2010ஆம் ஆண்டு ஜூன் 2ந் தேதி டிட்ராய்ட் நகரில் கலராகா என்ற பந்து வீச்சாளர், எதிர்க்கட்சியின் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். 27வது ஆளும் அவுட் ஆனால், மிக அபூர்வமான சாதனை. அந்த ஆளும் அவுட்தான். ஆனால் ஜிம் ஜாய்ஸ் என்ற அம்பயர் இல்லை என்று சொல்லி விட்டார்.

ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்த அம்பயர் மனம் உடைந்தார். கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவரும் மன்னித்தார். மறுநாள் இருவரும் மைதானத்தில் கை குலுக்கியபோது அம்பயர் கண்களில் கண்ணீர். 2014ஆம் ஆண்டு முதல், பெரும்பாலான தீர்ப்புகளைப் படம் பார்த்துத் திருத்தும் முறை அங்கே வந்தது.

ஆட்டம் தாமதம் ஆகிறது, அம்பயரின் மதிப்பு குறைகிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஒரு தவறான தீர்ப்பால் ஒரு இளைஞனின் எதிர்காலமே பாழாகலாமே, இரண்டு நிமிடம் காத்திருந்தால் என்ன என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

காமிரா சொல்லாத தீர்ப்பு

மன்கட் விஷயத்தில் காமிரா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பம்பாயில் போன பந்து திரும்பக் கிடைத்திருக்கலாம். சிட்னியில் பிரவுனின் கால் கோட்டுக்கு வெளியே இருந்ததை ஊரே பார்த்திருக்கும்.

ஆனால் பழி போயிருக்குமா? சந்தேகந்தான்!

2019ஆம் ஆண்டு ஐ.பி.எல். ஆட்டத்தில் சென்னை வீரர் அஸ்வின், இங்கிலாந்து வீரர் பட்லரை இதே முறையில் அவுட் செய்தார். டெலிவிஷன் அம்பயர் படம் பார்த்து அவுட் கொடுத்தார். அப்படியும் அஸ்வினைத் திட்டியவர்கள் ஏராளம். 2022ஆம் ஆண்டு லார்ட்சில் இந்திய வீராங்கனை தீப்தி சர்மா இதையே செய்தபோதும் அதே கூச்சல்தான். கால் எங்கே இருந்தது என்று காமிரா சொல்லும். செய்தது நியாயமா என்று காமிரா சொல்லாது. அதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் மனிதர்களே சொன்னார்கள். கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் இந்த முறை, நேர்மையற்ற ஆட்டம் என்ற பகுதியில் இருந்து வந்தது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ந் தேதி முதல் அதை அங்கே இருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்த்து விட்டார்கள். சிட்னியில் நடந்து 75 ஆண்டுகள் ஆன பிறகு! அதற்கு முந்திய ஆண்டுதான் உலகக் கிரிக்கெட் சங்கம் மன்கட்டின் பெயரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது.

அம்பயர் தவறு செய்தால் ஒரு ஆட்டம் போகும். ஊர் தவறு செய்தால் ஒரு மனிதனின் நல்ல பெயர் போகும். போன ஆட்டத்தை மூன்று ஆண்டில் சென்னையில் மீட்டார் மன்கட். போன பெயர் திரும்பி வந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தர்மத்தின் பெயரைத் தாங்கியது நம் தர்மபுரி. இனி நம் ஏரிகளில் ஆடும் பிள்ளைகள், எதிர்முனையில் கோட்டைத் தாண்டியவனை அவுட் செய்தால், மன்கட் என்று சொல்ல வேண்டாம். ரன் அவுட் என்றே சொல்லட்டும். மன்கட் என்ற பெயரை, சென்னையில் 12 விக்கெட் எடுத்த நாளுக்காக நினைக்கட்டும்!