ஆலைத் தொழிலாளி கண்டுபிடித்த அடுப்பு

சாம்பியன் ரீப்சில் இருந்து அதிகாலை ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். அவர்கள் இரவு வீடு திரும்பும்போது சோறு ஆறிப் போயிருக்கும். இப்போது சில வீடுகளில் அதை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து, இரண்டே நிமிடத்தில் சுடவைத்து விடுகிறார்கள். தீயும் இல்லை, புகையும் இல்லை. இந்த அடுப்பைக் கண்டுபிடித்தவர், பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு ஆலைத் தொழிலாளி. அவர் பெயர் பெர்சி ஸ்பென்சர்.

12 வயதில் வேலை

அமெரிக்காவில் மைனே மாநிலத்தில் உள்ள ஹவ்லண்ட் என்ற சிற்றூரில் 1894-ம் ஆண்டு ஸ்பென்சர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்து விட்டார். தாயும் விட்டுப் போய்விட்டார். உறவினர் வீட்டில் வளர்ந்த அவர், 12 வயதில் ஆலை வேலைக்குப் போனார். விடியும் முன் போனால், இருட்டிய பிறகுதான் வீடு.

நம் தங்கவயலுக்கு 1902-ம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்து விட்டது. ஸ்பென்சரின் ஊர்ப்பக்கம் இருந்த காகித ஆலைக்கு மின்சாரம் வந்தது, அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்த வேலை தெரிந்தவர்கள் அங்கு அரிது. 16 வயது ஸ்பென்சர் துணிந்து முன்வந்தார். வேலை செய்துகொண்டே வேலையைக் கற்றார்.

1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, கம்பியில்லாத் தந்தியால் பல உயிர்கள் தப்பின. அதை அறிந்த அவர், அந்தத் தொழிலைக் கற்க கடற்படையில் சேர்ந்தார். இரவுக் காவலில் நின்றபடி கணிதம், பவுதிகம், ரசாயனம் ஆகியவற்றைத் தானே படித்தார்.

சட்டைப்பையில் உருகிய சாக்லேட்

பிறகு ரேதியான் கம்பெனியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் ராடார் கருவிக்கு மாக்னெட்ரான் என்ற குழல் ஏராளமாகத் தேவைப்பட்டது. அதைக் கெட்டியான செம்பில் கடைந்து செய்ய நெடுநேரம் பிடித்தது. மெல்லிய தகடுகளை வெட்டி, அடுக்கிப் பற்றவைக்கும் வழியை ஸ்பென்சர் கண்டார். உற்பத்தி நாளொன்றுக்கு 2,600 குழல்களாக உயர்ந்தது.

1945-ல் ஒருநாள், அந்தக் குழலின் அருகே நின்றபோது அவரது சட்டைப்பையில் இருந்த சாக்லேட் உருகிவிட்டது. அந்தச் சூட்டை மற்றவர்களும் உணர்ந்தவர்கள்தான். ஆனால் காரணத்தைத் தேடியவர் இவர். சோளத்தை வைத்தார், பொரிந்தது. முட்டையை வைத்தார், வெடித்தது. உணவில் உள்ள தண்ணீரை அந்த அலைகள் அசைத்துச் சூடாக்குகின்றன என்பதே விஷயம். அதே ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி காப்புரிமைக்கு மனு செய்தார்.

1947-ல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம் இருந்தது. எடை சுமார் 340 கிலோ. மேஜைமேல் வைக்கும் அடுப்பு 1967-ல் வந்தது.

இந்த அலையில் உணவு வேகும்; ஆனால் சிவந்து முறுகாது. அதனால்தான் பின்னாளில் சூடான காற்றைச் சுழலவிடும் விசிறியையும் சேர்த்து, கேக்கும் கோழியும் சுடுகிற கூட்டு அடுப்புகள் வந்தன.

கிடைத்தது 2 டாலர்

காப்புரிமைக்காக அவருக்குக் கம்பெனி கொடுத்தது 2 டாலர்தான். எந்த ஊழியர் எதைக் கண்டுபிடித்தாலும் அதே தொகைதான். ஆனாலும் அவர் கம்பெனியின் துணைத் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார். பள்ளியை முடிக்காத அவருக்குப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. 1970-ம் ஆண்டு, 76-வது வயதில் காலமானார்.

2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, சர்டிபிகேட் இல்லாமல், கையில் உள்ள தொழிலை மட்டும் நம்பி ரெயில் ஏறியவர்கள் நம் ஊரில் பலர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வாழ்க்கை இது.