பரிசம் போடும் வெட்டுக்கிளி: ஃபாபர் கண்டதும் காணாததும்

சில பூச்சி இனங்களில் பரிசம் கொடுத்துத்தான் ஆண் இணை சேர முடியும். அந்தப் பரிசம் ஆணை எப்படிக் கரைத்துவிடுகிறது என்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து எழுதியவர் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஹென்றி ஃபாபர்.

1823-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வாத்தியார் வேலை, சொற்ப சம்பளம். அவிஞோன் நகரின் மாலை வகுப்பில், பூக்கள் எப்படிக் கருவுறுகின்றன என்று இளம்பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதுவே வினையாகிப் போனது. மதப் பழமைவாதிகள் கொதித்தார்கள். குடியிருந்த வீட்டையும் காலி செய்ய வேண்டி வந்தது. அப்போது 3,000 பிராங்க் கடன் கொடுத்துக் கைதூக்கி விட்டவர் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

1879-ல் செரிஞான் கிராமத்தில் ஒரு வீடு வாங்கினார். கூடவே கல்லும் முள்ளுமாக ஒரு தரிசு நிலம். விவசாயத்துக்கு லாயக்கில்லை, பூச்சிகளுக்கோ சொர்க்கம்!

அங்கே கம்பிவலைக் கூண்டில் வெண்முக வெட்டுக்கிளிகளை வளர்த்தார். இணை சேர்ந்ததும் பெண்ணின் வயிற்று நுனியில் வெண்மையான பை ஒன்று தொங்குவதைக் கண்டார். ஆண் தன் உடலிலிருந்தே சுரந்து கொடுத்த விந்துப் பை அது. பெண் உடலை வளைத்து அதைக் கடித்துக் கடித்துத் தின்றது. ஆணோ சுருங்கிப்போய், செத்துவிட்டதோ என்று நினைக்கும்படி கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து, மறுபடி பாட ஆரம்பித்தது.

பாட்டு திரும்பிவிட்டாலும் பை திரும்பிவிடாது. இந்தக் குடும்பத்தில் சில இனங்களுக்கு அடுத்த பையைச் சுரக்கப் பல நாட்கள் ஆகும். அதுவரை எத்தனை பெண்கள் வந்தாலும் நஷ்டம்தான். ஆனாலும் செலவு வீணில்லை: பெண் அந்தத் தீனியில் மும்முரமாக இருக்கும்போதுதான் விந்தணுக்கள் அதன் உடலுக்குள் போய்ச் சேர்கின்றன.

இந்தக் கணக்கு ஃபாபருக்குப் பிடிபடவில்லை. பூமியின் ஆதிகாலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் விநோதப் பழக்கம் என்றே நினைத்தார். இணைத் தேர்வு பற்றி டார்வின் 1871-லேயே எழுதிவிட்டார். இருவருக்கும் கடிதப் போக்குவரத்தும் உண்டு. ஆனால் பரிணாமக் கொள்கையை ஃபாபர் கடைசிவரை ஏற்கவில்லை. அவ்வளவு கூர்மையான கண்ணுக்கு இது பெரிய இழப்புதான். 1915-ல் காலமானார்.

1981-ல் டாரில் குவின் என்ற ஆய்வாளர் வட அமெரிக்காவின் மோர்மன் வெட்டுக்கிளிகளைப் பற்றி எழுதினார். அங்கே ஆண் கொடுக்கும் பை, அதன் எடையில் கால்வாசி. அதனால் ஆண்கள் கறாராகிவிடுகின்றன: மேலே ஏறும் பெண் எடை குறைந்ததாக, அதாவது முட்டை குறைவாக உள்ளதாக இருந்தால், பையைக் கொடுக்காமலேயே விலகிவிடுகின்றன.