வாக்கின் உரிமை காத்த அண்ணல்

வாக்கு என்பது தகுதியுடையார்க்கு அளிக்கும் சலுகையா, எல்லார்க்கும் உரிய உரிமையா? இவ்வினாவிற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே விடை என நாம் கருதுகிறோம்.

1891இல் மாவ் படைநகரில் பிறந்த அவர், தீண்டாமைக் கொடுமையைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டவர். அயல்நாடுகளில் உயர்கல்வி கற்று மீண்டார். அந்நாளில் சொத்தும் வரியும் கல்வியும் உடையோர்க்கே வாக்கு இருந்தது. அவை மறுக்கப்பட்டோரிடம் அவற்றையே தகுதியாகக் கேட்பது எங்ஙனம் நீதியாகும்? 1919இல் சவுத்பரோ குழுவின் முன் ஒடுக்கப்பட்டோர்க்காக வாதிட்டார். 1928இல் சைமன் குழுவின் முன் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குக் கோரினார். அக்கோரிக்கை 1950இல் அரசியலமைப்பின் 326ஆம் பிரிவாக நிலைபெற்றது.

ஆயின், முதற் பொதுத்தேர்தலில் பம்பாயில் அண்ணலே தோல்வியுற்றார். 1954இல் பண்டாராவில் மீண்டும் மக்கள் முன் நின்றார். அங்கும் வெற்றி கிட்டவில்லை. 1956இல் மறைந்தார்.

தந்தவர் விருப்பப்படியே பயன்பட வேண்டுமெனில் அது சலுகை. பெற்றுத் தந்தவரையே தோற்கடிக்கவும் வல்லதெனில் அதுவே உரிமை. அவர்தம் தோல்வியும் இவ்வுண்மைக்குச் சான்றாயிற்று.

1989 முதல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆயிற்று. கல்லூரியில் பயிலும்போதே அவ்வுரிமை நம் மாணவர் கைக்கு வந்துவிடுகிறது. அதனை விலை பேசாமலும் வீணாக்காமலும் காப்பதே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.