ஜப்பானில் சிலுவையில் கொல்லப்பட்ட வசை இளைஞர்: யார் இந்த கொன்சாலோ கார்சியா?

இந்தியாவின் முதல் புனிதர் யார்னு கேட்டா, பலர் கேரளாவின் அல்போன்சா பெயரைச் சொல்வாங்க. அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 2008-ல். ஆனா அதற்கு 146 வருஷம் முன்னாடியே அந்தப் பட்டத்தைப் பெற்ற ஒரு இந்தியர் இருக்கிறார். அவர்தான் கொன்சாலோ கார்சியா.

வசையில் பிறந்தவர்

மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் வசை, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. அங்கே சுமார் 1557-ல் பிறந்தார் கொன்சாலோ. அப்பா போர்ச்சுக்கீசியர், அம்மா கொங்கணப் பகுதியைச் சேர்ந்தவர். இயேசு சபை குருக்களோடு இளம் வயதிலேயே ஜப்பான் போனவர், அந்த மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டார். பிறகு கொஞ்ச காலம் வியாபாரம் செய்தார். கடைசியில் மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் துறவியாகச் சேர்ந்தார். இவர் குருப்பட்டம் பெற்றவர் இல்லை, சகோதரர் மட்டும்தான்.

மொழிதான் அழைத்துப் போனது

1593-ல் பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர், பீட்டர் பாப்டிஸ்ட் என்ற துறவியைத் தூதராக ஜப்பானுக்கு அனுப்பினார். அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. ஜப்பானிய மொழி தெரிந்த கொன்சாலோவும் கூடவே போனார். அப்போது ஜப்பானை ஆண்டவர் டொயோடோமி ஹிதேயோஷி. மறைப்பணியாளர்கள் வெளியேற வேண்டும் என்று 1587-லேயே உத்தரவு போட்டவர் அவர். ஆனாலும் இவர்களைத் தங்க அனுமதித்தார்.

எல்லாம் மாறியது எப்படி?

1596-ல் 'சான் ஃபெலிப்பே' என்ற ஸ்பானிய சரக்குக் கப்பல் ஜப்பான் கரையில் சிக்கியது. சரக்கு பறிமுதல் ஆனது. ஸ்பெயின் முதலில் துறவிகளை அனுப்பும், பின்னாலேயே படையை அனுப்பும் என்ற சந்தேகம் ஹிதேயோஷிக்கு வலுத்தது. கைது தொடங்கியது.

பிடிபட்டவர்களின் இடது காதில் ஒரு பகுதியை வெட்டி, கியோட்டோ பகுதியிலிருந்து நாகசாகி வரை குளிர்காலத்தில் இழுத்துச் சென்றார்கள். பயணம் சுமார் ஒரு மாதம். வழியில் 2 பேர் சேர்க்கப்பட, எண்ணிக்கை 26 ஆனது. இதில் 20 பேர் ஜப்பானியர்கள். மிகச் சிறியவருக்கு வயது வெறும் 12. 1597 பிப்ரவரி 5 அன்று நிஷிசாகா குன்றில் எல்லோரையும் சிலுவையில் கட்டி, ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். கொன்சாலோவுக்கு அப்போது 40 வயது இருக்கலாம்.

திருவிழா ஏன் பிப்ரவரி 6?

1862-ல் போப் 9-ஆம் பயஸ் இந்த 26 பேருக்கும் சேர்த்துப் புனிதர் பட்டம் அளித்தார். பிப்ரவரி 5 ஏற்கெனவே புனித ஆகத்தாவின் நாள். அதனால இவர்களை மறுநாள் நினைவுகூர்கிறார்கள்.

அந்த நாளின் பெயர், 'பவுல் மீகியும் தோழர்களும்'. மீகி, 26 பேரில் ஒருவரான ஜப்பானிய இயேசு சபைத் துறவி. கொன்சாலோவின் பெயர் அந்தத் 'தோழர்கள்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டது. நம்மில் பலருக்கு இவரைத் தெரியாமல் போக அதுவும் ஒரு காரணம். ஆனா வசை மக்கள் மறக்கலை. அங்கே அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது.