குடிசனத்தை எண்ணிய சேர் பொன்னம்பலம் அருணாசலம்

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் வீதியில், திருக்கேதீஸ்வரப் பகுதியைக் கடந்து எத்தனையோ தடவை நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். மடுத் திருவிழாவுக்குப் போகும் வழியும் அதுவே. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இப்பக்கமாகவே தமிழகத்துக் கூலிமக்கள் ஆயிரமாயிரமாய் நடந்தார்கள். தோணிகளில் தலைமன்னார், பேசாலை, வங்காலைக் கரைகளில் இறங்கி, கங்காணியின் பின்னே காட்டுவழியாய் மாத்தளை வரை கால்நடையாகச் சென்றார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை.

பிற்காலத்தில் அவர்களின் மக்களைத் தலைக்கணக்கில் எண்ணியவர் ஒருவர் உண்டு. எண்ணியதோடு நில்லாமல், எண்ணப்பட்டவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றும் கேட்டவர் அவர். அவர்தான் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் ஒரு செல்வச் சைவக் குடும்பத்தில் பிறந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருக்கு மூத்த சகோதரர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கற்று, 1875இல் இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் இலங்கையரானார். நெடுங்காலம் நீதிமன்றப் பதவிகளில் ஊர் ஊராய்ப் பணிபுரிந்தார். பின்பு, மூத்த உத்தியோகத்தர் பலர் இருக்கவே, தேசாதிபதி கோர்டன் இவரைப் பதிவாளர் நாயகமாக்கினார். வெள்ளைக்காரர் சிலர் முகம் சுளித்ததில் வியப்பில்லை. பிறப்பு, இறப்பு, காணி உறுதி ஆகிய மூன்றும் இவர் கைக்கு வந்தன. தூசி படிந்து கிடந்த அந்தக் கந்தோரை ஒழுங்குபடுத்தினார்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இவருடைய பொறுப்பிலேயே நடந்தது. தொகை 35 லட்சத்து 65 ஆயிரத்துக்கும் மேல் வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் 30 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த நாடு இது. இந்தப் பெருக்கத்தை வெறும் பிள்ளைப்பேறு என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அதில் பெரும் பங்கு கடல் கடந்து வந்தது.

காரணத்தைக் கேளுங்கள். கோப்பிக் காலத்தில் கூலிமக்கள் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869க்குப் பின் இலைநோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக் கொழுந்துக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும், கிள்ளியதை உடனே தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாய்க் குடும்பங்கள் வந்து தங்கின. ஒரு குடும்பத்துக்கு ஒரு லயன் அறை. இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் தேயிலையைக் குடிக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் நமது மலைநாட்டில் லயன்களைக் கட்டியது.

கொழும்பும் இப்படியே வீங்கியது. 1867இல் கண்டிக்கு இரயில் ஓடியது. 1885இல் துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் முற்றுப்பெற்றது. கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்கு வந்தன. 1881இல் 1 லட்சத்து 10 ஆயிரமாயிருந்த நகரத்துச் சனத்தொகை 1901இல் ஒன்றரை லட்சத்தையும், 1911இல் 2 லட்சத்தையும் தாண்டியது. நிலக்கரி சுமப்போர், வண்டிக்காரர், எண்ணெய் ஆலையில் வேலை செய்வோர், பென்சிற்கரி தெரியும் பெண்கள் என்று எல்லாரும் வேலைத்தலத்துக்கு அண்மையில் தங்க இடம் தேடினார்கள். கிடைத்தது முடுக்கு வீடு: காற்றில்லாத ஓர் அறையும், பலருக்குப் பொதுவான ஒரு குழாயும். 1914இல் கொள்ளைநோய் கொழும்பில் புகுந்தபோது அதற்கு வழி தேட வேண்டியிருக்கவில்லை.

மன்னாரோ? அதே மதிப்பில் இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர். பத்தாண்டில் சொல்லக்கூடிய வளர்ச்சி இல்லை. இத்தனை கால்கள் நடந்த வழியில் எவரும் தங்கவில்லை. பழைய மாந்தைத் துறைமுகம் ஒரு காலத்தில் பெரும் நகரமாயிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அருணாசலம் 1913இல் ஓய்வுபெற்றார். அவ்வாண்டே சேர் பட்டமும் கிடைத்தது. அறுபது வயதில் சாய்மனைக் கதிரையில் அமரலாம், எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை ஆரம்பித்தார். கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளில் இராப்பாடசாலை, மருத்துவ உதவி, கைத்தொழில், கூட்டுறவு என்று அதன் வேலை நடந்தது. 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டு டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவருமானார். தலைவர் பதவியையே ஊர் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கோ மற்றதே பெரிதாய்த் தெரிகிறது.

அக்காலச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளியைச் சிறையில் அடைக்கலாம். வேலையை விட்டுப் போனால் குற்றவாளி! கங்காணியிடம் பட்ட கடனோ துண்டுச் சீட்டாய் அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்ந்தது. நீதவானாயிருந்த அருணாசலத்துக்கு இச்சட்டம் நன்கு தெரியும். அதை எதிர்த்து ஓயாமல் எழுதினார், பேசினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. தண்டனை விதிகளும் அதையொட்டி நீங்கின.

பின்னர் காங்கிரஸ் தலைவர்களோடு பிரதிநிதித்துவ விடயத்தில் மனம் கசந்து விலகினார். அது வேறொரு நீண்ட கதை.

தென்னிந்தியத் திருத்தலங்களுக்கு யாத்திரை சென்றிருந்தபோது, 1924 சனவரி 9ஆம் திகதி மதுரையில் காலமானார். தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனத்தை நிர்ணயிக்கும் சட்டம் 1927இல் வந்தது.