கருவி மாறினாலும் மாறாத நிரல்: கேரி கில்டால்

யானில் எங்கள் வீட்டின் பின்புறம் நெல் வயல். பாலிடெக்னிக்கில் படித்தபோது, அந்த வயலின் நீர்மட்டத்தை அளந்து கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவி ஒன்றை இறுதியாண்டுத் திட்டமாகச் செய்தேன். மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கையில் நீர்மட்ட உணரி பழுதாகிவிட்டது. அதே உணரி கடையில் இல்லை. வேறொன்றை வாங்கிப் பொருத்தினேன். கருவி வேலை செய்யவில்லை. உணரியைப் படிக்கும் வரிகளை நிரல் முழுவதும் பரப்பி வைத்திருந்ததால் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதாயிற்று.

அந்த நாள்களில்தான் கேரி கில்டாலின் வாழ்க்கையைப் படித்தேன். நான் சிக்கிய முடிச்சை அவர் 1970களிலேயே அவிழ்த்திருந்தார்.

கில்டால் 1942 மே 19ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் மாலுமிகளுக்கான கல்விக்கூடம் நடத்தியது. கணித ஆசிரியராக விரும்பி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரைக் கணினி ஈர்த்துக்கொண்டது. 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவில் மான்டெரே நகரின் கடற்படை உயர்கல்விக் கூடத்தில் கற்பித்தார். இன்டெல் நிறுவனத்தின் நுண்செயலிகள் அவரைக் கவர்ந்தன. அவற்றுக்காகப் பிஎல்/எம் என்ற நிரல்மொழியை 1973இல் உருவாக்கினார்.

அப்போது நெகிழ்வட்டு புதியது. கில்டாலிடம் ஒரு வட்டு இயக்ககம் இருந்தது. அதைக் கணினியோடு இணைக்கும் மின்சுற்றை அவரால் செய்ய முடியவில்லை. பல்கலைக்கழக நண்பர் ஜான் டொரோட் அதைச் செய்து கொடுத்தார். 1974இல் பசிபிக் குரோவ் என்ற சிற்றூரில் சிபி/எம் இயங்குதளம் உயிர்பெற்றது. பிறகு மனைவி டோரத்தியுடன் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அடுத்த சிக்கல் நமக்கும் பழக்கமானது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியிலும் வட்டும் திரையும் விசைப்பலகையும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தையே திருத்துவதா? ஐம்சாய் கணினிக்காக அந்தக் கேள்வி எழுந்தபோது, வன்பொருளோடு நேரடியாகப் பேசும் வரிகளை மட்டும் கில்டால் தனியே பிரித்தார். அந்தப் பகுதிக்குப் பயாஸ் என்று பெயர். ஓர் எழுத்தை வாங்கு, ஓர் எழுத்தைக் காட்டு, வட்டின் ஒரு பகுதியைப் படி, எழுது. சிபி/எம் 2.2இல் இத்தகைய பணிகள் 17 மட்டுமே. புதிய கணினி செய்தவர் அந்த 17ஐ எழுதினால் போதும். மற்றவை அப்படியே ஓடின. சிபி/எம் பல நூறு வகைக் கணினிகளில் பரவியது இதனால்தான்.

1980இல் ஐபிஎம் அவரைத் தேடி வந்தது. கில்டால் விமானம் ஓட்டப் போனதால் வாய்ப்பை இழந்தார் என்று ஒரு கதை உண்டு. அதை முழுக்க நம்ப வேண்டாம். நிபந்தனைகளில் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படாததே காரணம். ஐபிஎம் மைக்ரோசாஃப்ட் பக்கம் திரும்பியது. பின்னர் சிபி/எம்மும் அதே கணினிக்கு விற்பனைக்கு வந்தது. ஆனால் 240 டாலர். போட்டி மென்பொருளோ 40 டாலர். டிஜிட்டல் ரிசர்ச் 1991இல் நோவெல் நிறுவனத்துக்குக் கைமாறியது. தலையில் அடிபட்ட கில்டால் 1994 ஜூலை 11இல், 52 வயதில் இறந்தார். 2014இல் பசிபிக் குரோவில் அவர் வேலை செய்த வீட்டின் முன் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

அவர் பிரித்த பகுதியின் வாரிசுகளைத்தான் இன்று இயக்கிகள், அதாவது டிரைவர்கள், என்கிறோம். செஃபிர் போன்ற திறமூல இயங்குதளங்களில் சிறு கருவிகளுக்கும் இதே ஏற்பாடு இருக்கிறது. என் புதிய உணரிக்கு அதில் இயக்கி இல்லை. நானே எழுதினேன். அளவை எடு, எடுத்த எண்ணைக் கொடு என்ற இரண்டு பணிகள். எந்தக் கம்பியில் உணரி இருக்கிறது என்று சொல்லும் ஒரு சிறு கோப்பு. பயன்பாட்டு நிரல் உணரியின் பெயரைக்கூட அறியாது. மதிப்பீட்டுக்கு முந்தின இரவு வயலின் நீர்மட்டம் கைப்பேசியில் தெரிந்தது.

மாணவர்களே, உங்கள் அடுத்த நிரலைத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். நாளை மாறக்கூடியவை ஒரு பக்கம், மாறாதவை மறுபக்கம். கில்டால் செய்தது அதுதான். பணமும் புகழும் வேறு பக்கம் போயின. அவர் போட்ட கோடு இன்னும் அழியவில்லை.